உதாரணம் மூன்று

சாந்தோம்,
3 மார்ச் 1946.

அன்புள்ள இனாயத்,

ஒரு மைல் தூரத்தில் இருக்கிற உனக்குத் தபாலில் எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டம்மா ஃப்ளோரன்ஸ் சிரித்தாள். வெள்ளிக்கிழமை லஸ் முனையில் நடந்ததைச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

வழக்கம்போல் உன் ஜட்காவில் ஏறக் காலை வைத்தேன். "எறங்கு வாத்யாரே. அளக்குறவங்களை நான் ஏத்துறதில்ல" என்றாய். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் உன் வண்டியில் பள்ளிக்கூடம் போய் வந்தவன், அன்று காய்கறிப் பையோடு வீடு வரை நடந்தேன். வழியில் இரண்டு பழைய மாணவர்கள், "என்ன சார், நடந்து போகிறீர்கள்?" என்று கேட்டார்கள். உடம்புக்கு நல்லது என்றேன்.

சாலை வரிக் கமிட்டியின் அறிக்கையில் கோபம் என்று நினைக்கிறேன். அந்தக் கமிட்டிக்கு நான் கொடுத்த மனுவில் என்ன சொன்னேன் என்பதை முதலில் கேள். இதுவரை மோட்டார்காரன் பெட்ரோல் வாங்கும்போது வரி கொடுத்தான், அதில் சாலை போட்டார்கள். யுத்தத்தில் அந்த ஏற்பாடு கெட்டுவிட்டது. முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடுகிற பஸ், பெட்ரோல் வாங்குவது பேருக்குத்தான். ஆனால் முன்பு தேய்த்த அதே சாலையைத்தான் தேய்க்கிறது. ஆகவே, எதை எரிக்கிறான் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு தேய்க்கிறான் என்று பார்த்து வரி போடுங்கள் என்றேன். இதில் என்ன அநியாயம்?

உதாரணமாக, ஒரு ரொட்டியை எடுத்துக்கொள். உள்ளங்கையால் அழுத்தினால் அமுங்கும், அவ்வளவுதான். அதே பலத்தோடு கத்தியால் அழுத்தினால் இரண்டு துண்டு. ரப்பர் சக்கரம் உள்ளங்கை, ஒன்றேகால் அங்குல இரும்புப் பட்டை கத்தி. இதைக் காட்டத்தான் நவம்பரில் உன் வண்டியை ஓட்டச் சொல்லித் தடத்தை அளந்தேன். எத்தனை உற்சாகமாக வந்தாய்! குதிரைக்குச் சலங்கை கூடக் கட்டியிருந்தாய்.

உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. நம்பர் மட்டும்தான் எழுதினேன். வந்து பேசு.

உன்
பிரகாசம்

*

மீர்சாகிப்பேட்டை,
9 மார்ச் 1946.

மகா கனம் பொருந்திய பிரகாசம் வாத்தியார் அவர்களுக்கு,

இனாயத் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் வந்தது. தாங்கள் நடந்து போனதற்கு வருந்துகிறேன். இனிமேல் பழகிக்கொள்ளுங்கள்.

அறிக்கை இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கு அது தெரியாது என்பது தங்களுக்குத் தெரியும். லஸ் முனை மருந்துக் கடை ஸ்ரீரங்கன்தான் படித்துச் சொன்னார். "ஓய் பாய், 412ங்கறது உம்ம நம்பர்னா? இதோ அச்சடிச்சிருக்கான் பாரும். உதாரணம் மூணு. வாடகை ஜட்கா, நாப்பது தடவை ஓடித்து, சாலையில ஒரு அங்குலப் பள்ளம்." அவர் படிக்கப் படிக்க நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். என் வண்டி புஸ்தகத்தில் வந்துவிட்டது என்று முதலில் சந்தோஷம்தான். பக்கத்தைத் திருப்பி அவர் மீதியைப் படித்த பிறகுதான் தெரிந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து இரும்புச் சக்கர வாடகை வண்டிக்குச் சக்கர வரி மூன்று மடங்கு. ஏழு தார் ரோட்டில் போகவும் கூடாது. அந்த ஏழும் போனால் எனக்கு மிச்சம் வீட்டு வாசல்தான்.

ரப்பர் பட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதாம். ரப்பர் எங்கே? யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து டாக்டரின் காருக்கே டயர் இல்லை. எனக்கா கொடுப்பான்?

இப்போது ஸ்டாண்டில் என் பெயர் என்ன தெரியுமா? உதாரணம். காலையில் வண்டியைக் கொண்டு நிறுத்தினால் மெஹபூப் அலி எழுந்து சலாம் போடுகிறான். "வா நைனா உதாரணம், குந்து. உன்னாலதான் எங்க பொழப்பும் புக்குல ஏறிக்கீது." இருபத்திரண்டு வண்டி அந்த ஸ்டாண்டில். எல்லாம் இரும்புச் சக்கரம். அவர்கள் என்னைத்தான் பார்க்கிறார்கள். தங்களை அவர்களுக்குத் தெரியாது.

ரொட்டி உதாரணம் நன்றாக இருந்தது. லாரி உள்ளங்கையா? யானையின் கால் கூட உள்ளங்கை மாதிரிதான். ஐந்து வருஷம் ராணுவ லாரி சாந்தோம் ரோட்டில் தங்கள் வாசல் வழியாகப் போயிற்று. தங்கள் வீட்டு ஓடு நகர்ந்தது என் ஜட்கா போனதாலா? நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது, தங்கள் குடும்பத்தை எழும்பூர் ஸ்டேஷனுக்கு நாலு நடை ஏற்றிப்போனதும் இதே இரும்புச் சக்கரம்தான். அன்றைக்குத் தடம் எவ்வளவு ஆழம் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்த நவம்பர் நாளில் முதலில் தார் ரோட்டில்தான் ஓட்டினோம். நாற்பது தடவை. தாங்கள் மண்டிபோட்டு அடிக்கோலை வைத்துப் பார்த்தீர்கள். ஒன்றும் விழவில்லை. "இங்கே தெரியவில்லை இனாயத், கோயில் மைதானத்துப் பக்கம் மண்ணுக்குப் போகலாம், மழை பெய்திருக்கிறது, நன்றாகத் தெரியும்" என்றீர்கள். போனோம். விழுந்தது.

தார் ரோட்டில் தடம் விழவில்லை என்பது தங்களுக்கு அந்த மனுவை எழுதும்போது ஞாபகம் இருந்ததா, மறந்துபோயிற்றா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இனாயத்

*

சாந்தோம்,
14 மார்ச் 1946.

அன்புள்ள இனாயத்,

உன் கடிதத்தில் வரி, கமிட்டி, மெஹபூப் அலி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். 'தாங்கள்' என்ற ஒரு சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் வாப்பா இறந்து நீ லகானைப் பிடித்த பிறகும், நான் கோட்டும் தலைப்பாகையுமாய் உன் வண்டியில் போன காலத்திலும், வகுப்புப் பிள்ளைகள் எதிரிலேயே 'நீ' என்றுதான் என்னைக் கூப்பிட்டாய். தலைமை ஆசிரியர் ஒருமுறை, "அந்த வண்டிக்காரன் உங்களை ஒருமையில் பேசுகிறானே" என்றார். "அவன் ஒருவனாவது பேசட்டும்" என்றேன். இப்போது மரியாதை கொடுத்து என்னை வெளியே நிறுத்துகிறாய்.

ஞாபகம் பற்றிக் கேட்டாய். வகுப்பில் முக்கோணம் சொல்லிக் கொடுக்கும்போது கரும்பலகையில் பெரிதாகத்தான் போடுவேன். புத்தகத்தில் இருப்பது சின்னது. கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டுமே என்று பெரிதாகப் போட்டால் அது பொய்யாகிவிடுமா? கோணங்கள் மாறுவதில்லை. அதைப்போல, தார் ரோட்டில் தடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, மண்ணில் தெரிகிற அளவு பெரியது. விஷயம் ஒன்றுதான். மேலும் நான் 'சாலை' என்றுதான் எழுதினேன். மண் சாலையும் சாலைதான். இந்த ராஜதானியில் முக்கால்வாசி சாலை மண்தானே?

லாரியைப் பற்றி நீ சொல்வது நியாயம். அதையும் சேர்த்து ஒரு துணை மனு எழுதுகிறேன். கமிட்டியில் என்னை மதிக்கிறார்கள். போன மாதம் அடையாற்றில் அங்கத்தினர் ஒருவர் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, "உங்கள் மூன்றாவது உதாரணம்தான் எங்களுக்கு விஷயத்தைப் புரியவைத்தது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சொன்னால் கேட்பார்கள். பொறுமையாக இரு.

உன்
பிரகாசம்

*

மீர்சாகிப்பேட்டை,
30 மார்ச் 1946.

வாத்தியார் அவர்களுக்கு,

துணை மனு எல்லாம் வேண்டாம். மூன்று வரி போதும். நானே சொல்கிறேன், இங்கிலீஷில் போட்டுக்கொள்ளுங்கள்.

'சோதனை மழை பெய்த ஈர மண்ணில் நடந்தது. தார் ரோட்டில் நாற்பது தடவை ஓட்டியும் தடம் விழவில்லை. ஆகவே உதாரணம் மூன்றைத் தள்ளிவிடவும்.'

ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30. அதற்குள் போய்ச் சேர்ந்தால், விசாரணை முடிகிற வரை பழைய வரியிலேயே லைசென்ஸ் புதுப்பிக்கலாம், ஏழு ரோட்டிலும் போகலாம் என்று ஸ்ரீரங்கன் விசாரித்துச் சொன்னார். நாங்கள் இருபத்திரண்டு பேர் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் குப்பைக்குப் போகும். தாங்கள் எழுதினால் படிப்பார்கள். தாங்களே சொன்னீர்கள்.

முக்கோணம் எனக்கு மறந்துவிட்டது. நான் கேட்டது முக்கோணம் அல்ல.

இனாயத்

*

சாந்தோம்,
21 ஏப்ரல் 1946, ஈஸ்டர் ஞாயிறு.

அன்புள்ள இனாயத்,

ஃப்ளோரன்ஸ் இன்று காலை உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கேக் பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டது. உன் வீட்டம்மா ஷாகிரா கதவருகிலேயே நின்று, "அவருக்குப் பல் வலி" என்றாளாம். உன் வீட்டில் மற்ற எல்லோருக்குமா பல் வலி என்று ஃப்ளோரன்ஸ் கேட்கிறாள்.

வேலை நடக்கிறது. நம்பு. மூன்று வாரமாக எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் காலையும் மாலையும் நின்று லாரி எண்ணுகிறேன். எது வெறும் வண்டி, எது சரக்கு வண்டி, ஆறு சக்கரமா, நாலா என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "பெரியவரே, இன்னா எழுதிகினு கீறீங்க?" என்று நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். சாலைக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு என்றேன். "அத்த லாரிக்காரன் கிட்ட சொல்லிடாதீங்க, மேல ஏத்திடுவான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பதினெட்டுப் பக்கம் வந்திருக்கிறது. ஒரு வண்டியின் எடை, அது ஓடுகிற மைல், இந்த இரண்டையும் பெருக்கி வரி போடுவதுதான் நியாயம் என்று இப்போது திட்டமாகத் தெரிகிறது. அப்படிப் போட்டால் உன் ஜட்காவின் பங்கு ஒன்றுமே இல்லை. ஒரு பெரிய சரக்கு லாரிக்குப் பக்கத்தில் உன் வண்டி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பருக்கை.

மூன்று வரி போதும் என்றாய். போதாது, இனாயத். வெறும் கையோடு போய் முன்பு சொன்னது தப்பு என்றால் சிரிப்பார்கள். இனி எதையும் என்னிடமிருந்து வாங்க மாட்டார்கள். அதைவிடச் சரியான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைத் திருத்த வேண்டும். இன்னும் தார் ரோட்டில் லாரித் தடத்தை அளக்க வேண்டியிருக்கிறது. மே நடுவில் முடியும். கமிட்டியின் காரியதரிசியிடம் நேரில் கேட்டேன். "கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்றார். தேதியைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன்
பிரகாசம்

*

மீர்சாகிப்பேட்டை,
19 மே 1946.

வாத்தியார் அவர்களுக்கு,

தேதியைப் பற்றி இப்போது எனக்குக் கவலை இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன வாரம் போனேன். ஜன்னலில் இருந்தவர் நம்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஐயா, 412 வந்துகீறாரு" என்றார். நாலு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் வெளியே வந்து சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதுதானா அது?" என்றார். ஆட்சேபணை ஏதாவது கொடுத்திருக்கிறதா என்று கேட்டேன். பேரேட்டைப் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஜூலையிலிருந்து புது வரிதான், ஏழு ரோடும் கிடையாது, இப்போதே கட்டுகிறாயா, லைசென்ஸ் வில்லையைக் கொடுக்கிறாயா என்றார்கள். இடுப்பிலிருந்து பித்தளை வில்லையை அவிழ்த்துக் கொடுத்தேன். முப்பத்தொன்பது வருஷம் இருந்தது. தோலில் அதன் வட்டம் இன்னும் இருக்கிறது.

குதிரையைக் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் ஓட்டிப்போனார். தங்களுக்குத்தான் தெரியுமே, மின்னல் என்று அர்த்தம் வர பிஜிலி என்று பெயர் வைத்தேனே தவிர அது ஒரு நாளும் வேகமாகப் போனதில்லை. லஸ் முனை திரும்பும்போது தானாகவே ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டது. அவர் லகானை இழுக்கிறார், அது அசையவில்லை. மெஹபூப் அலிதான் எழுந்து போய் அதன் கழுத்தைத் தட்டி, "போ தாயி, போ. இங்க இன்னும் இன்னா கீது உனக்கு?" என்றான். அன்றைக்கு அவன் என்னை உதாரணம் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுதான் அதிகமாக வலித்தது.

வண்டியின் மரம் விறகுக் கடைக்குப் போயிற்று. தங்கள் பதினெட்டுப் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

நாங்கள் ஆதம்பாக்கத்தில் ஷாகிராவின் தம்பி வீட்டுக்குப் போகிறோம்.

இனாயத்

*

சாந்தோம்,
20 ஜூலை 1946.

அன்புள்ள இனாயத்,

உன் கடிதத்தைப் படித்த அன்றே பதினெட்டுப் பக்கத்தையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே தனித் தாளில் உன் மூன்று வரியையும் எழுதி வைத்தேன். நேற்று பதில் வந்தது.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் எடையைப் பார்த்து வரி போட வேண்டும் என்பதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. பெட்ரோலில் ஓடினாலும் கரியில் ஓடினாலும் ஒன்றுதான் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். அச்சில் அதற்கு நன்றி கூடச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் உனக்கு எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரும்புச் சக்கரத்தைப் பற்றி இரண்டே வரி. தமிழில் தருகிறேன்: 'உதாரணம் மூன்றில் கண்ட வண்டி இப்போது ஓட்டத்தில் இல்லை. ஆகவே அதைப் பற்றிய ஆட்சேபணையைப் பரிசீலிக்க அவசியம் ஏற்படவில்லை.'

இதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் வண்டி ஓடியபோது அது சாட்சி. அதை வைத்து விதி செய்தார்கள். விதியால் வண்டி நின்றது. நின்றுவிட்டதால் விதியைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை என்கிறார்கள். கணக்கில் ஒரு பிழை இருந்தால் எந்த வரியில் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். இதில் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நான் சொன்னால் கொடுப்பார்கள்.

உன்
பிரகாசம்

*

ஆதம்பாக்கம்,
11 ஆகஸ்டு 1946.

வாத்தியார் அவர்களுக்கு,

தாங்கள் சொல்லிக் கிடைக்கிற வேலை எனக்கு வேண்டாம். இங்கே பரங்கிமலை ரோட்டில் ஜல்லி பரப்புகிறார்கள். உருளை எஞ்சினுக்கு முன்னால் தண்ணீர் தெளிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நோன்பு மாதம், தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் ரோட்டுக்கு ஊற்றுகிறேன். மேஸ்திரி, "பாய், ரோட்டுக்குத் தாகம் ஜாஸ்தி, நல்லா ஊத்து" என்று கேலி செய்கிறார். கூலி புதுச் சக்கர வரியிலிருந்து வருகிறதாம். மெஹபூப் அலி கட்டுகிறான், நான் வாங்குகிறேன்.

தாங்கள் ஐந்து கடிதம் எழுதிவிட்டீர்கள். ரொட்டி வந்தது, முக்கோணம் வந்தது, சோற்றுப் பருக்கை வந்தது. நான் மார்ச் ஒன்பதாம் தேதி கேட்டதற்குப் பதில் வரவில்லை. வண்டிக்காக இனிமேல் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன். ஞாபகம் இருந்ததா, மறந்துபோயிற்றா?

மறந்துபோயிற்று என்றால் எழுதுங்கள். நம்புகிறேன். நானும் வயதானவன்தான்.

இனாயத்

*

சாந்தோம்,
18 ஆகஸ்டு 1946.

இனாயத்,

நான் இதுவரை உனக்கு எழுதியது நாலு கடிதம்தான், ஐந்து அல்ல. இது ஐந்தாவது. இந்த வரியை எழுதியதும், இன்னும் திருத்துகிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. அடிக்காமல் விடுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

மறந்துபோயிற்று என்று எழுதலாம். நீ நம்புகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாய். நாலு நாள் அந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாபகம் இருந்தது.

முதல் பிரதியில் 'தார் ரோட்டில் தடம் விழவில்லை' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் உதாரணம் நிற்கவில்லை. உதாரணம் நிற்காவிட்டால் மனு நிற்காது. அந்த வரியை அடித்துவிட்டு 'சாலையில்' என்று போட்டேன். லாரியை ஏன் அளக்கவில்லை என்றால், லாரிக்காரனை நிறுத்தி நாற்பது தடவை ஓட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் கேட்கத் தைரியம் தேவைப்படவில்லை. என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஏப்ரலில் மூன்று வரி எழுதியிருந்தால் அந்தப் பெயர் போயிருக்கும். அதனால்தான் பதினெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிரகாசம்

*

(கார்டு)

ஆதம்பாக்கம்,
31 ஆகஸ்டு 1946.

பிரகாசம்,

உன் கடிதம் பெருநாளைக்கு முன்பே வந்துவிட்டது. பெருநாள் கழியட்டும் என்று வைத்திருந்தேன். நேற்றுதான் பதில் எழுதக் கார்டு வாங்கினேன்.

மார்ச்சில் கேட்டேன். 'ஞாபகம் இருந்தது' என்று நீ அன்றைக்கே எழுதியிருந்தால், 'சரி, விடு' என்று பதில் எழுத எனக்கு இதில் பாதி கார்டு போதுமாயிருந்தது.

இந்த ரோடு முடிந்ததும் வேறு எங்கே வேலை என்று தெரியாது. விலாசம் எழுத மாட்டேன்.

இனாயத்